பச்சைப் பிடிக் கல்

யூன் 5, வெள்ளி

விடிந்ததிலிருந்து மழை. மொட்டைமாடிக் கொடியில் கிடந்த அப்பாவின் வேலைச் சட்டை பறந்து கீழ்வீட்டு அன்ரியின் பல்கனியில். மணியடித்துவிட்டு, பெரியாள் குரலில், "தண்ணி மீற்றர் பாக்க வந்தனான்" என்றேன். அன்ரி கொண்டையைக் கட்டிக்கொண்டே ஓடி வந்தார். சட்டை கிடைத்தது. ஏச்சு இலவசம்.

இன்றைய வேலை:
கணிதம், பாஸ் பேப்பர் இரண்டு.
வரலாறு, இன்னும் தொடவில்லை. நடந்து முடிந்த விஷயம்தானே, எங்கே ஓடிவிடும்.
நிரோஷ் அண்ணாவின் கம்யூனிகேஷன் கடையில் மிச்சப் பேப்பர் எடுத்தல்.
நாலு மணிக்கு ரசீன் நானா கடை, மரக்கறி ரொட்டி ஆறு.

கடைசி வேலை மட்டும் தவறாது. வெள்ளியில் எங்கள் வீட்டில் சைவம். கோயிலால் வந்து அம்மா அடுப்பு மூட்டமாட்டா. பாமன்கடைப் பக்கம் ரசீன் நானா ஜும்ஆ முடிந்து கடை திறக்கும்போதே வெளியே வரிசை நிற்கும், அரைவாசிப் பேர் நெற்றியில் திருநீறு. மற்ற நாளில் மாடு, கோழி எல்லாம் போகிற பெரிய தகடு வெள்ளி பின்னேரம் மூடியிருக்கும். மரக்கறிக்கென்றே தனி இரும்பு ரொட்டிக் கல். பிடியில் பச்சை எனாமல். தனி அகப்பை, தனித் துணி. "பச்சப் பிடியில போடுங்கோ நானா" என்று கேட்காமலே அதில்தான் போடுவார்.

முஸ்லிம் ஆட்கள் அண்ணாவை நானா என்பார்கள், எங்களுக்கும் அவர் நானாதான். அவர் மகன் இர்ஃபான் என் வகுப்பு, வாங்கில் எனக்குப் பக்கத்தில். இன்றும் வகுப்பில் அவன் வாப்பாவின் குரலில் செய்தி வாசித்தேன். "செய்தி வாசிப்பது நானா." "நீயா?" "நானா." வகுப்பு முழுதும் சிரிப்பு. இர்ஃபான்தான் அதிகம் சிரித்தான். பிறகு திருத்தினான்: "வாப்பா ‘மகன்’ எண்டத ரெண்டு தரம் செல்லுவார்டா. கடைசியில மூக்கால ஒரு காத்து விடணும்." விட்டுப் பார்த்தேன். அசல்.

யூன் 6, சனி

வெயில், நம்ப முடியாத வெயில். கொட்டாஞ்சேனைக்கு பஸ். நிரோஷ் அண்ணாவோடு நாங்கள் ஏழு பேர். கலியாணக் கார்ட் அடிக்கிற கடையின் மேல்மாடியில் ‘ஞாபகசக்தி வகுப்பு’.

நிரோஷ் அண்ணா பற்றி இதுவரை எழுதவில்லை. வயது இருபத்தெட்டு இருக்கும். கடையில் போட்டோக் கொப்பி மெஷின் இரண்டு. ஓ.எல். சோதனை எடுக்கிற பெடியளுக்குப் பழைய பாஸ் பேப்பர் சும்மா அடித்துத் தருவார். பேப்பர் அனுப்ப ஒரு குரூப். அதன் பெயர் முதலில் ‘ஓ.எல். பேப்பர்ஸ்’. மார்ச்சில் ‘நம்ம பெடியள்’. போன கிழமை ‘விழிப்பு’. பெயர் மாறும்போது நான் கவனிக்கவில்லை. பேப்பர் வந்துகொண்டுதான் இருந்தது.

வகுப்பில் முதல் அரை மணி நேரம் உண்மையாகவே ஞாபகசக்தி. ஆவர்த்தன அட்டவணைக்கு ஒரு கெட்ட பாட்டு, இனி மறக்காது. பிறகு ரோல்ஸ், தேத்தண்ணி. பிறகு வெள்ளைச் சட்டைக்காரர் ஒருவர் திரையில் கொழும்பு வரைபடம் போட்டு அம்புக்குறி அம்புக்குறியாகக் காட்டினார். அவங்கள் வாங்கிய கட்டடம், அவங்கள் திறந்த கடை, எல்லாம் முஸ்லிம் பெயர்கள். "உங்கட வீட்டுக்குப் பக்கத்தில எத்தின எண்டு நீங்களே எண்ணிப் பாருங்கோ தம்பிமார்." நாங்கள் எண்ணினோம். எண்ணச் சொன்னால் எவனும் எண்ணுவான்.

தேத்தண்ணி கொண்டுவந்தவனை எல்லோரும் "டேய் ஹட்டன்" என்றார்கள். பெயர் கேட்டேன். சந்திரன். ஹட்டன் அவன் ஊர், தேயிலைத் தோட்டப் பக்கம். பத்தொன்பது வயது. ஒருகொடவத்தையில் கொண்டெய்னர் யார்டில் வேலை. வெள்ளைச் சட்டை "தமிழன் எல்லாம் ஒண்டு" என்றபோது பின்னாலிருந்து ஒருவன், "தோட்டக்காட்டான், சீனி காணாது" என்றான். சிரிப்பு. சந்திரனும் சிரித்தான்.

"ஏன் அண்ணா இஞ்ச வாறீங்கள்?"
"ரூம்ல தனியாதானே கெடக்கணும் தம்பி. இங்க வந்தா நாலு பேர் இருக்காங்க."

திரும்பி வரும்போது பஸ்சில் சந்திரன் மாதிரிக் கதைத்துக் காட்டினேன். கோட்டை வரை கூடவே வந்த சந்திரன் முன் சீற்றில் இருந்தான். நிரோஷ் அண்ணா கண்ணைத் துடைத்துத் துடைத்துச் சிரித்தார். "டேய் ரேடியோ, நீ வெறும் பகிடிக்காரன் இல்லையடா. உனக்குத் தலை இருக்கு." வீட்டில் இதே வாய்க்குக் கிடைப்பது அடி. ‘ரேடியோ’ அவர் வைத்த பெயர்.

யூன் 7, ஞாயிறு

பட்மின்டன், 21-17, தோல்வி. கோர்ட் பிடித்தது நிரோஷ் அண்ணா. ஓய்வு நேரத்தில் போனை நீட்டினார்.

"ரேடியோ, ரசீன் நானான்ர குரல ஒருக்கா எடுத்து விடு. குரூப்பில பெடியள் சிரிக்கட்டும்."
"எதப் பற்றி அண்ணா?"
"அந்தப் பச்சைப் பிடி இருக்கெல்லோ. அதப் பற்றி."

யோசிக்காமல் வந்தது. எழுதி வைக்கிறேன்:

"மகன், மகன், பச்சப் பிடி எல்லாம் சும்மா. வியாழக்கெழம ராவக்கி பிடிய மட்டும் கழட்டி மாத்துற. கல்லு அதே கல்லுதான். நேத்து மாடு, இண்டக்கி மரக்கறி. அவங்களுக்கு எங்க வெளங்கப் போற." மூக்கால் காற்று. அதன் பிறகு அந்தப் பிடியைக் கழற்றித் தன் தலையில் ஏரியலாகக் குத்திக்கொள்வதாக நானாவின் குரல் சொல்கிறது, என் சொந்தக் குரல் வெடித்துச் சிரித்து, "இது உங்கள் ரேடியோ" என்று முடிக்கிறது. ஐம்பத்தெட்டு விநாடி.

நாற்பது சிரிப்பு முகங்கள் வந்தன. படுக்கப் போகும்வரை எண்ணினேன்.

யூன் 10, புதன்

மழை. விஞ்ஞானத்துக்கு 61. அம்மா சமையலறையில் போனைக் காதில் வைத்துக்கொண்டு நின்றா. "இஞ்ச வாடா, இதக் கேளன்."

கேட்டேன். "மகன், மகன், பச்சப் பிடி எல்லாம் சும்மா…" என்று தொடங்கி மூக்குக் காற்றோடு முடிந்தது. முப்பத்தொரு விநாடி. ஏரியல் இல்லை. சிரிப்பு இல்லை. ரேடியோ இல்லை.

"எத்தின வருஷம் இவன்ர கடையில வாங்கித் திண்டனாங்கள். வெள்ளிக்கிழமையும் அதுவுமா. கோயில் மாமிமாருக்குப் போட்டிட்டன். தெல்லிப்பளைச் சித்திக்கும் போட்டிட்டன்." வாயைக் கொப்பளித்துவிட்டு வந்து திரும்பவும் கேட்டா.

பெற்ற தாய். பதினாறு வருஷமாக இந்தக் குரலுக்குச் சோறு போட்டவ. நான் என்று தெரியவில்லை. எவ்வளவு நல்லாகச் செய்திருக்கிறேன் என்று முதலில் ஒரு பெருமை வந்தது. அதையும் எழுதத்தான் வேண்டும். வந்தது.

சொல்லவில்லை.

யூன் 12, வெள்ளி

நாலு மணிக்குப் போனேன். அம்மா அனுப்பவில்லை, நானாகப் போனேன். மழை விட்டிருந்தது. வரிசை இல்லை. ஒரு முச்சக்கரக்காரர் மட்டும் பிளேன் டீ குடித்துக்கொண்டு. பச்சைப் பிடிக் கல் அடுப்பில், காய்ந்து புகைந்துகொண்டு, மேலே ஒன்றும் இல்லாமல். பக்கத்தில் பிசைந்த மாவு, ஈரத் துணி மூடி.

எதிர்த்த சுவரோரம் கோயில் மாமிமார் இருவர். ரசீன் நானா கடை வாசலுக்கு வந்து கல்லைத் துணியால் பிடித்துத் தூக்கிக் காட்டினார். "வந்து பாருங்க. கையில எடுத்துப் பாருங்க. பாத்துப் போட்டுச் செல்லுங்க." மாமிமார் குடையை விரித்தார்கள். மழை இல்லை.

என்னைக் கண்டார். "மகன், மகன், நீங்களாச்சும் வந்து பாருங்க."

"பிறகு வாறன் நானா" என்றேன்.

யூன் 13, சனி

கம்யூனிகேஷன். மெஷின் பச்சை வெளிச்சம் அடித்து அடித்து யாரோ ஒருவனின் பேப்பரைத் துப்பிக்கொண்டிருந்தது.

"அண்ணா, கடைசித் துண்ட ஆர் வெட்டினது?"
"ஆரோ வெட்டியிருப்பாங்கள். நீளமெண்டால் சனம் கேக்காது."
"அது பகிடிக்குச் செய்தது."
"பகிடியிலதான் தம்பி உண்மை வரும். இந்தக் கடையில இல்லாட்டி இன்னொரு கடையில நடக்கிறதுதானே."
"நடக்கிறதைக் கண்டனீங்களோ?"
"நீ கண்டனியோ? காணாமத்தானே அப்பிடி அச்சொட்டாச் செய்தனி."

கோபமில்லை அவருக்கு. தோளில் கை போட்டார். வரலாற்றுப் பேப்பர், பத்து வருஷத்தது, விடையோடு, சுருள் கட்டிப் புத்தகமாக்கி என் கையில் வைத்தார். ரசீன் நானாவைப் பற்றிக் கேட்கப் போனவன் பேப்பரோடு வந்தேன். வேண்டாம் என்று சொல்ல வாய் வரவில்லை. ஊருக்கெல்லாம் வரும் வாய்.

யூன் 15, திங்கள்

இர்ஃபான் வேறு வாங்கில். இடைவேளையில் தண்ணீர்க் குழாயடியில் பிடித்தேன்.

"நீதானே" என்றான்.
"ஓம்."
"மொதல் வரியிலயே தெரியும். ரெண்டு தரம் மகன். நான்தானே சொல்லித் தந்த."
"கடைசியில நான் சிரிச்சனான்டா. அத வெட்டிப் போட்டாங்கள்."
"வெட்டாட்டி நல்லமா?"

குழாய் ஒழுகிக்கொண்டிருந்தது. இறுக்கிப் பூட்டினேன், நிற்கவில்லை.

"வாப்பாட்டச் சொன்னியா?"
"இல்ல. சென்னா நான் சொல்லித் தந்ததும் வருமே."
"வாப்பா என்ன சொல்றார்?"
"ஒண்டுமில்ல. உம்மா கேட்டா, இத எப்ப சென்னீங்க எண்டு. உம்மாக்கே வாப்பாட கொரல் மாதிரி இருந்திச்சாம். வாப்பா அண்டக்கி சோறு திங்கல்ல."

பிறகு வேறு எங்கோ பார்த்துக்கொண்டு சொன்னான்: தெமட்டகொடையிலிருந்து ஒரு நானா வருகிறாராம். ஃபுட்போல் விளையாடக் கூப்பிடுகிறாராம். பூட்ஸ் வாங்கித் தந்தாராம்.

"அவருக்கிட்டயும் ஒன்ட அந்த வொய்ஸ் இரிக்கி. எல்லாருக்கும் போட்டுக் காட்டுற. ‘பாத்தீங்களா, தமிழ் ஆக்கள் எங்களப் பத்தி இப்பிடித்தான் பரப்புற’ எண்டு. பொய்யெண்டு அவருக்கு மொதல்லயே தெரியும். அவருக்கு அது பொய்யா இரிக்கிறதுதான் நல்லம்."

ஒரு முப்பத்தொரு விநாடி. இரண்டு பக்கத்துக்கும் போதுமானதாக இருக்கிறது.

"போகாதடா."
"நீ சொல்றியா" என்றான்.

யூன் 17, புதன்

கரண்ட் இல்லை, இரண்டு மணி நேரம். வரிசையாக எழுதிப் பார்த்தேன், எனக்கு நடந்ததை:

பேப்பர்.
பட்மின்டன்.
பட்டப்பெயர்.
என் பகிடிக்குச் சிரிப்பு.
மேல்மாடி, ரோல்ஸ், அம்புக்குறி.
ஒரு சின்ன வேலை.

இர்ஃபானுக்கு: ஃபுட்போல், பூட்ஸ், வொய்ஸ். இனி ஒரு சின்ன வேலை வரும்.

எதிலும் ஒருவரும் ‘வெறு’ என்று சொல்லவில்லை. சொல்லியிருந்தால் நக்கலடித்துவிட்டு வந்திருப்பேன்.

அப்பா மூக்குக்கண்ணாடி தேடிக்கொண்டு மெழுகுதிரியோடு வந்தார். சும்மா கேட்டேன், எண்பத்திமூன்று கலவரத்தில் உங்கள் லேனுக்கு ஆட்களைக் கூட்டிவந்தது யார் என்று. அப்போது அவருக்கு ஒன்பது வயது.

"பிரியந்த. சிங்களப் பெடியன், எனக்குப் பட்டம் கட்டித் தாறவன்."
"கெட்டவனோ?"
"விசர்க் கேள்வி. நல்ல பெடியன். அவன ஒருத்தரும் ஒண்டுக்கும் கூப்பிட்டதில்ல. பிறகு சங்கம் ஒண்டு தொடங்கிக் கொடி பிடிக்க விட்டாங்கள். சாப்பாட்டுப் பார்சல் குடுத்தாங்கள். தமிழ் வீடுகளின்ர லிஸ்ட் வாசிக்க விட்டாங்கள். லேனுக்குள்ள எங்கட வீட்டு நம்பர வாசிச்சதும் அவன்தான். சத்தமா, நல்ல வடிவா வாசிச்சவன்."
"பிறகு?"
"பிறகென்ன, வீடு எரிஞ்சது. என்ர கண்ணாடியக் கண்டனியோ?"

கண்ணாடி தலையில் இருந்தது. சொன்னேன்.

யூன் 19, வெள்ளி

பள்ளிக்கூடம் போகவில்லை, வயிற்றுக்குத்து என்று பொய். காலை பத்து மணிக்குக் குரூப்பில் போட்டேன். என் குரலில், எந்தக் குரலும் செய்யாமல். ஏழு தடவை எடுத்துப் பார்த்தேன். என் சொந்தக் குரல்தான் எனக்குச் சரியாக வரவில்லை.

"அந்த வொய்ஸ் ரசீன் நானா இல்ல. நான். பகிடிக்குச் செய்தது. கடைசித் துண்டை வெட்டியிருக்கிறாங்கள். அவர் தனிக் கல்லிலதான் போடுறவர். தயவுசெய்து இதையும் எல்லாருக்கும் அனுப்புங்கோ."

பதினொரு நிமிடம் இருந்தது. பிறகு அழிந்தது. பிறகு நான் குரூப்பில் இல்லை.

நாலு மணிக்குக் கடைக்குப் போகவில்லை. போயிருக்க வேண்டும்.

யூன் 20, சனி

அம்மாவின் போன் விடாமல் அடித்தது. தெல்லிப்பளைச் சித்தி. கனடா மாமா. கீழ்வீட்டு அன்ரி நேரே வந்தார். "பெடியன வெருட்டினவங்களாமே? பொலிசுக்குச் சொன்னீங்களோ?"

அன்ரியின் போனில் நான். பட்மின்டன் கோர்ட்டில் எடுத்த படம். சுற்றிவர விளக்குப் படம், செத்த ஆளுக்குப் போடுவது மாதிரி. கீழே:

‘எங்கள் தம்பியை மிரட்டிப் பேச வைத்திருக்கிறார்கள். குரல் நடுங்குவதைக் கேளுங்கள். இன்று அவன். நாளை உங்கள் பிள்ளை. இணைவோம்.’

அதோடு ஒரு இணைப்பு, அமத்தினால் குரூப்பில் சேரலாம்.

என் மன்னிப்பை அழிக்கவில்லை. வைத்திருக்கிறார்கள். நடுங்குகிற இடத்தை மட்டும் வெட்டி எடுத்து, ஒன்பது விநாடி.

பகிடிக்காரன் நான் என்று நினைத்திருந்தேன்.

யூன் 21, ஞாயிறு

என்னை ஒருவரும் வெருட்டவில்லை, அந்த வொய்ஸ் நான்தான் என்று அம்மாவிடம் சொன்னேன். சமையலறையில், அவ கீரை ஆய்ந்துகொண்டிருக்கும்போது.

"பகிடி விடாத" என்றா.

செய்து காட்டினேன். மகன், மகன். மூக்குக் காற்று வரைக்கும். கீரை கையில் அப்படியே நின்றது. அடிப்பா என்று கன்னத்தைத் தயாராக வைத்திருந்தேன். அடிக்கவில்லை.

"ஆருக்கும் சொல்லாத."
"நீங்கள் அனுப்பின ஆக்களுக்கு நீங்கள் சொல்லுங்கோ அம்மா. பிழையெண்டு ஒரு வரி போடுங்கோ."
"எப்பிடிப் போடுறது? என்ர பிள்ளைதான் செய்ததெண்டு போடவோ? சனம் என்ன நினைக்கும்?"
"அப்ப வெள்ளிக்கிழமை போய் ரொட்டி வாங்குவம். நாங்கள் வாங்கினால் மற்றாக்களும் வருவினம்."

கீரைத் தண்டை ஒவ்வொன்றாக ஒடித்தா.

"பொய்யெண்டு விளங்குது. எண்டாலும் மனசுக்கு ஒரு மாதிரி."

இந்த ‘எண்டாலும்’ நான் செய்தது. அதை அழிக்க எந்தக் குரலில் கதைப்பது என்று தெரியவில்லை.

யூன் 23, செவ்வாய்

சின்னத் தூறல். பள்ளிக்கூடம் விட்டு நேரே கடை. எதிர்த்த சுவரில் இரண்டு பேர் சாய்ந்துகொண்டு போனில் படம் பிடிக்கிறார்கள், உள்ளே போகிறவர்களை. ஒருவன் சந்திரன்.

"அண்ணா, அந்த வொய்ஸ் நான்தான். உங்களுக்குத் தெரியாதோ?"
"தெரியும் தம்பி. கேட்டொடனே தெரியும். பஸ்ஸுல என்னையும் செஞ்சீங்கல்ல."
"தெரிஞ்சும் ஏன் நிக்கிறீங்கள்?"
"நிக்கச் சொன்னாங்க." போனைக் கீழே இறக்கவில்லை. "இப்ப யாரும் என்னைய ஹட்டன்னு கூப்புடுறதில்ல. சந்திரன்னுதான் கூப்புடுறாங்க."

அவங்கள் அவனுக்கு அவன் பெயரையாவது கொடுத்திருக்கிறார்கள். அவனுக்குக் கொடுக்க என்னிடம் ஒன்றுமில்லை. அன்று பஸ்சில் ஒரு மன்னிப்புக் கேட்டிருந்தால் அதுவாவது இருந்திருக்கும். இன்று கேட்டேன். "பரவாயில்ல தம்பி" என்று என்னையும் படம் பிடித்தான்.

உள்ளே ரசீன் நானா மேசை துடைத்துக்கொண்டிருந்தார், ஏற்கெனவே துடைத்த மேசை. ஒரே மூச்சில் சொல்லிவிட்டேன். இர்ஃபான் சொல்லித் தந்ததை மட்டும் சொல்லவில்லை.

துணியைத் தோளில் போட்டார்.

"செஞ்சு காட்டுங்க" என்றார்.
"நானா…"
"இல்ல, செஞ்சு காட்டுங்க. ஊரே கேட்ட. நான் நேரா கேக்கல்லயே."

வாயைத் திறந்தேன். காற்றுத்தான் வந்தது. அம்மாவுக்கு முன்னால் வந்த குரல், நாற்பது பேருக்கு முன்னால் வந்த குரல்.

பிறகு பிளேன் டீ ஊற்றி எனக்கு முன்னால் வைத்தார். "குடிங்க. சீனி போட்டு இரிக்கி." ஒரு தடவைகூட மகன் என்று சொல்லவில்லை.

யூன் 24, புதன்

கணிதம் 74. யாருக்கும் சொல்லத் தோன்றவில்லை.

இர்ஃபான் வரவில்லை. நேற்றும் வரவில்லை என்று இன்றுதான் உறைத்தது.

நிரோஷ் அண்ணாவின் வரலாற்றுப் பேப்பர்க் கட்டைக் குப்பையில் போட்டேன். அரை மணி நேரத்தில் போய் எடுத்தேன். சோதனைக்கு வேறு பேப்பர் இல்லை. இதற்காகவும் என்னை எனக்குப் பிடிக்கவில்லை.

யூன் 26, வெள்ளி

கொட்டுகிற மழை. மூன்றரைக்கு மணியடித்தது. இர்ஃபான். புது பூட்ஸ், சேறு. கையில் அரிசிச் சாக்கில் சுற்றிய ஏதோ, பாரமாக.

"வாப்பா தரச் சொன்னார்."
"என்ன?"
"கல்லு. இனி வெள்ளிக்கிழம மரக்கறி போட மாட்டாராம். வேற சமையலுக்கு எடுக்க வாப்பாக்கு மனசில்லயாம். ஒங்கட ஆக்களுக்கெண்டு வாங்கினதாம்."

"உள்ள வாடா."
"ஆள் நிக்கி."

லேன் முனையில் ஒரு மோட்டார் சைக்கிள், மழையில், இயந்திரம் நிறுத்தாமல். ஹெல்மெட் போட்ட ஒருவர். கையில் இன்னொரு ஹெல்மெட். ஆளைத் தெரியாது. அவர் செய்கிற வேலையைத் தெரியும்.

"இர்ஃபான், போகாத. நான் எல்லாரிட்டயும் சொல்லிட்டன். வாப்பாட்டயும் சொல்லிட்டன்."
"தெரியும். நான் சொல்லித் தந்தத மட்டும் சொல்லல்ல எண்டும் தெரியும்." ஒரு நொடி பழைய இர்ஃபானாக நின்றான். "அத நானே சொல்லிட்டேன். வாப்பா ஒண்டும் செல்லல்ல. ஏசினா நிண்டிருப்பேன்."

பூட்ஸ் சத்தத்தோடு படியிறங்கிப் போனான். ஹெல்மெட் போட்டான். மோட்டார் சைக்கிள் போனது.

அம்மா பின்னால் வந்தா. "ஆர்? என்ன அது?" சாக்கை அவிழ்த்ததும் கண்டுகொண்டா. "உள்ளுக்குக் கொண்டு வராத."

வாசல் படியிலேயே இருந்து கல்லை மடியில் வைத்தேன். கழுவித் துடைத்து, துருப்பிடிக்காமல் எண்ணெய் பூசி அனுப்பியிருந்தார். பச்சைப் பிடியைப் பிடித்துத் திருகினேன். அசையவில்லை. ஆணியைத் தேடினேன். இல்லை. திருப்பிப் பார்த்தேன். மரையும் இல்லை, பூட்டும் இல்லை. கல்லும் பிடியும் ஒரே இரும்பு, ஒரே வார்ப்பு. கழற்றவே முடியாது. பிடியை மாற்றுவதென்றால் அரிந்துதான் எடுக்க வேண்டும்.

நாற்பது பேர் சிரித்தார்கள், ஊர் முழுவதும் அனுப்பியது, கனடா வரைக்கும் கேட்டார்கள். ஒருவராவது கையில் எடுத்துப் பார்க்கவில்லை. ஒவ்வொரு வெள்ளியும் ஒரு முழத் தூரத்தில் நின்று ரொட்டி வாங்கிய நானும் பார்க்கவில்லை. தூக்கிக் காட்டியபோதும் பார்க்கவில்லை.

அம்மாவைக் கூப்பிட்டுக் காட்டினேன். குனிந்தா. விரலால் பிடியும் கல்லும் சேருகிற இடத்தைத் தடவிப் பார்த்தா. இரண்டு தரம் தடவினா.

"ஓம்" என்றா. விரலைச் சீலையில் துடைத்துக்கொண்டா.

"வெளியிலயே இருக்கட்டும்."